கணனி எழாமையியல்: கற்பிட்டிக் கரையை முன்வைத்து ஒரு திணை ஆய்வு

புத்தளக் கரையைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. 1344இல் இங்கே வந்திறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தி காட்டிய முத்துகளைப் பற்றியும் கரையில் கிடந்த கறுவாவைப் பற்றியும் எழுதினார். 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் எதற்கும் கணக்கெழுதும் கூட்டம். கற்பிட்டியிலேயே பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் வெளியிட்ட கசற்றியரில் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் அடுக்கிவைத்தார். ஆயினும், காலையில் பட்டனை அமுக்கினால் அசையாமல் கிடந்துவிட்டு, பத்து மணிக்கு ஒன்றும் நடக்காததுபோல் எழும்பும் மேசைக் கணனி பற்றி இவர்களில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அவர்கள் காலத்தில் கணனி இருக்கவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆய்வாளர் சமாதானங்களை ஏற்பதில்லை. இடைவெளி இடைவெளிதான், அதை நிரப்பவே இக்கட்டுரை.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். எழாமை இரு வகைப்படும்: முழு எழாமை, ஐய எழாமை. முழு எழாமை என்பது கணனி செத்துப்போவது. அதில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை. துக்கமும் தெளிவு, செலவும் தெளிவு. ஐய எழாமை என்பது சில வேளை எழுந்து சில வேளை கிடப்பது. இதை நம்பி வேலை ஒப்புக்கொள்ள முடியாது. புதிது வாங்கவும் மனம் வராது. நேற்று மாலை நன்றாகத்தானே ஓடியது! ஆகவே அறிஞர் கவனத்துக்குரியது இரண்டாவது வகையே.

அஃதேல், ஏழெட்டுத் தரம் அமுக்கி ஒருதரம் எழும்புவது எழுதலில் சேருமா, எழாமையில் சேருமா எனின், அது அமுக்குபவரையும் காத்திருப்பவரையும் பொறுத்தது என்க. கடைக்காரருக்கு அது எழுதல். உயர்தரப் பெறுபேற்றை அச்செடுக்க வாசலில் நிற்கும் பிள்ளைக்கு எழாமை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கணனி கற்பிட்டி வீதியில் ஒரு கொமினிகேசன் கடையில் இருக்கிறது. போட்டோக்கொப்பி, கடவுச்சீட்டுப் படிவம், பல்கலைக்கழக ஒன்லைன் விண்ணப்பம், கல்யாணக் கார்டு எல்லாம் அதன் தலையில்தான். எங்கோ ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் ஊழியம் பார்த்து ஓய்வு பெற்று, கப்பலேறி வந்து, இங்கே இரண்டாம் ஊழியம் பார்க்கும் பாவித்த இயந்திரம். கடையை நடத்துபவர் ஒரு ராத்தா. திருத்துபவர் புத்தளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஓர் இளைஞர். அவர் வந்து தொட்டதும் கணனி எழும்பிவிடும்.

"ஒன்டுமில்லயே ராத்தா, நல்லாத்தானே இருக்கு."

"நீங்க வாரவரைக்கும் செத்துத்தான் தம்பி கெடந்திச்சி. ஒங்களக் கண்டாத்தான் எழும்புது. அப்ப நீங்க இங்கயே இருந்திருங்களேன்."

இத்துறையின் ஆதார உரையாடல் இதுவே. இதற்கு விளக்கம் சொல்லாத எந்தக் கோட்பாடும் கோட்பாடாகாது.

முன்னோர் கொள்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே போவோம். கரையோரத்தில் நான்கு மதங்கள் வழங்குகின்றன. விடாமல் அமுக்கினால் ஒருநாள் இரங்கும் என்பர் அமுக்குவாதிகள். பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையால் ஒன்று வைக்க வேண்டும் என்பர் தட்டுவாதிகள். மூடியைக் கழற்றி உள்ளே ஊத வேண்டும் என்பர் ஊதுவாதிகள். நான்காமவர் அழிறப்பர்வாதிகள், இவர்கள் ரம் என்னும் நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூடத்து அழிறப்பரால் தேய்த்து மீண்டும் செருகுவர். நால்வருமே சில வேளை வெல்கிறார்கள் என்பதுதான் சிக்கல். தோற்றுக்கொண்டே இருந்தால் மதங்கள் எப்போதோ அழிந்திருக்கும்.

இவர்கள் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. எல்லாரும் "எந்தப் பாகம்?" என்றே தொடங்குகிறார்கள். அங்கேதான் பிழை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தார். பாகம் என்பது கருப்பொருள். அது பிறகு வருவது. எங்கே எழவில்லை, எப்போது எழவில்லை என்று கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவர் இலக்கணம் அறியாதவர்.

நிலம் நெய்தல். இதில் ஐயமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே ஒடுங்கிய மணல் நிலம், தெற்கே பாலாவிப் பக்கம் உப்பளங்கள். வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் வீசும் சோழகக் காற்றை நம்பி வெளிநாட்டார் கற்பிட்டிக்குப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிறார்கள். அதே காற்று கடல் நுரையிலிருந்து உப்புத் துகளை எடுத்துக்கொண்டு, விமான டிக்கெட் எதுவும் இல்லாமல், ராத்தாவின் கடைக்குள்ளும் வருகிறது. கணனிப் பெட்டியின் விசிறி அதை அன்போடு உள்ளே இழுத்துக்கொள்கிறது.

உப்பு உள்ளே போய் என்ன செய்கிறது? காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது அதற்கும் முன்பே கசியத் தொடங்கும். உப்பளத்தில் உப்பைக் குவித்துக் கசப்பு நீரை வடியவிடுவது இதற்காகத்தான். மதர்போட்டில் படிந்த உப்பை யாரும் குவித்து வடியவிடுவதில்லை. அது தூசியோடு சேர்ந்து, விடியற்காலை ஈரத்தில் மெல்லிய கரைசலாகி, கரண்ட் போகக்கூடாத வழியில் சிறிது கரண்ட்டை விடுகிறது; போகவேண்டிய இடத்தில் உலோகத்தைத் தின்று தடுக்கிறது. பட்டனுக்குள் உள்ள சிறு தகடும் ரம்மின் விளிம்பும் அதன் முதல் இரைகள். வெயில் ஏறக் கரைசல் காய்கிறது. பத்து மணிக்குக் கணனி எழும்புகிறது.

பொழுதுக்கு வருவோம். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. ஆனால் ராத்தாவின் கணனி முரண்டு பிடிப்பது வைகறையிலும் விடியலிலும். அவை மருதத்துக்குரிய பொழுதுகள். மருதத்தின் உரிப்பொருளோ ஊடல். ஆக நெய்தல் நிலத்தில் இருந்துகொண்டு மருதப் பொழுதில் ஊடுகிறது இந்த இயந்திரம். எதிரே அமர்ந்திருக்கும் ராத்தா மட்டும் முறைப்படி நெய்தலின் உரிப்பொருளான இரங்கலில் இருக்கிறார். இலக்கணப் பிழையோ எனின், அன்று. நிலங்கள் தமக்குள் மயங்கக்கூடாது, ஏனையவை மயங்கலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுத்திருக்கிறது. ஐய எழாமை ஒரு திணைமயக்கம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கருப்பொருளை விரித்தால் தாள் போதாது. தெய்வம்: முன்னர் வருணன், இப்போது மின்சாரம். பறை: பெட்டரி செத்த யு.பி.எஸ் எழுப்பும் இடைவிடாத கீச்சொலி. யாழ்: நெய்தலுக்கு விளரி யாழ் என்பர், கணனி எழும்பும்போது மதர்போட் இசைக்கும் ஒற்றைச் சிற்றொலி நலம் என்றும், நீண்டு திரும்பத் திரும்ப ஒலித்தால் பெரும்பாலும் ரம் சரியாக அமரவில்லை என்றும் கொள்க. மா: எறும்பு, கரப்பான், பல்லி. பவர் சப்ளையின் இளஞ்சூடு பிடித்துப்போய் உள்ளே குடியேறும் பல்லி பற்றித் தனி நூலே எழுதலாம். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பலன் சொல்லும் பல்லி சாத்திரம், பவர் சப்ளையில் விழுந்தால் என்ன என்று சொல்லவில்லை. அங்கே பலன் பல்லிக்கே.

இனிப் பட்டன். 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ் முறையைக் கொண்டுவருவதற்கு முன், கணனியின் சுவிட்ச் உண்மையான சுவிட்ச். அமுக்கினால் கரண்ட்டே வந்தது, போனது. இன்றைய பட்டன் ஒரு விண்ணப்பம் மட்டுமே. பிரதேச செயலகத்தில் கொடுக்கும் விண்ணப்பம் எப்படி மேசை மேசையாய்ப் போகுமோ அப்படித்தான் இதுவும் போகிறது. பவர் சப்ளை, சுவரில் பிளக் இருக்கும்வரை, ஊதா வயரில் 5 வோல்ட்டை எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும். அதுதான் இரவுக் காவல். அந்தச் சொற்ப கரண்ட்டில் விழித்திருக்கும் மதர்போட், பட்டன் அமுக்கப்பட்டதை அறிந்து பச்சை வயரைத் தரையோடு சேர்க்கும். உடனே பவர் சப்ளை முழுதாக எழுந்து, தன் 12, 5, 3.3 வோல்ட்டுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து, பத்திலொரு செக்கனுக்கும் அரைச் செக்கனுக்கும் இடையில் சாம்பல் வயரில் "சரி" என்று சொல்லும். அந்தக் கையெழுத்து விழாமல் பிரதான மூளை ஓர் அடி எடுத்து வைக்காது. விசிறி மட்டும் சுழன்று திரை கறுப்பாகவே இருந்தால், கோப்பு சாம்பல் வயரில் நிற்கக்கூடும்.

இதில் தள்ளாடுவது பெரும்பாலும் கெப்பாசிட்டர்கள். உருளை உருளையாய் நிற்கும் அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. காலம் போகப்போக அது வற்றும். சூடு 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொதுக்கணக்கு. வற்றிய கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது கூடுதலாகத் தடை செய்யும். சற்றுச் சூடானால் இளகிக்கொடுக்கும். ஆகவே எந்தச் சூடு அதைக் கொல்கிறதோ அந்தச் சூடே அதை எழுப்பவும் செய்கிறது. அமுக்குவாதிகளின் வெற்றிக்கு இதுவே காரணம்: ஒவ்வொரு தோல்வியும் கொஞ்சம் சூட்டை விட்டுச்செல்ல, ஏழாவது தரம் இயந்திரம் இரங்குகிறது. திருத்துபவர் வந்ததும் எழும்பும் மர்மமும் இதனால் பாதி விளங்கும். அவர் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறி உப்பு காய்ந்துவிட்டது. ராத்தா அமுக்கி அமுக்கிக் கெப்பாசிட்டரையும் சூடாக்கிவிட்டார். மீதிப் பாதி, அவர் பெட்டியை மேசைக்கு இழுக்கையில் ரம் ஒரு மயிரளவு அசைந்து சரியாக அமர்ந்தது. இது தட்டுவாதிகளுக்கும் அழிறப்பர்வாதிகளுக்கும் உரிய பங்கு. ஊதுவாதிகள் பங்கு கேட்க வேண்டாம். வாயால் ஊதுவது ஏற்கெனவே உப்புப் படிந்த இடத்துக்கு எச்சில் ஈரத்தையும் சேர்ப்பது. உடப்பில் கருவாடு காயவைப்பவர் எவரும் அதன்மேல் ஊதுவதில்லை.

இவ்விடத்தில் 2022ஐ நினைக்காமல் போக முடியாது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அதுவரை எத்தனையோ கணனிகள் உண்மையாக அணைந்ததே இல்லை. ஊதா வயரின் 5 வோல்ட்டில் இளஞ்சூடாய்த் தூங்கிக்கொண்டிருந்தன. 13 மணித்தியாலம் முழுதாய்க் குளிரும்போதுதான் வற்றிய கெப்பாசிட்டரின் குட்டு வெளிப்படும். கரண்ட் வந்ததும் எல்லார் வீட்டு விசிறியும் பிரிட்ஜும் ஒன்றாய் இழுக்க, வோல்ட்டேஜ் தள்ளாடும். அந்த நேரம் பார்த்து நாம் பட்டனை அமுக்குவோம். புதிய பவர் சப்ளை வாங்கலாம் என்றால், மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டிருந்தது. அமுக்குவாதம் கரையோரத்தில் பெருமதமாய்ப் பரவியதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு என்று இக்கட்டுரை கருதுகிறது.

ஐய எழாமை ராத்தாவின் மேசையோடு முடிகிறதா? இல்லை. அதே கற்பிட்டி வீதியில் நுரைச்சோலையில் நிற்கிறது லக்விஜய நிலக்கரி மின்நிலையம். முதல் இயந்திரம் 2011 மார்ச்சிலும் மற்ற இரண்டும் 2014இலும் சேர, மொத்தம் 900 மெகாவாட். நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம். இத்தனை பெரிய அடுப்பு பக்கத்தில் எரிய ஊரில் ஏன் கரண்ட் போகிறது என்று கேட்பவர்கள், அதற்கும் இதே நோய் இருப்பதை அறியாதவர்கள். 2020 ஓகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டியில் ஒரு பிசகு, நாடே இருண்டது, நுரைச்சோலை மீண்டும் எழ நாட்கள் பிடித்தன, அதுவரை முறைவைத்து மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுக்க இருண்டது என்று துறை அமைச்சரே சொன்னார். மீண்டும் நுரைச்சோலை விழுந்தது; மீண்டும் முறைவைத்து வெட்டு. குரங்கு குறிஞ்சிக்குரிய விலங்கு, பாணந்துறையோ கடற்கரை. ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் இன்னொரு நிலத்தில் வரலாம் என்றுதான் தொல்காப்பியத்தில் சலுகை உண்டு. குரங்குக்கு இல்லை. அன்றைய இருள் இலக்கண மீறலால் நேர்ந்தது என்பதை எந்த விசாரணைக் குழுவும் கவனிக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒற்றுமை ஒன்றுண்டு. நாடே இருண்டுபோனால் நிலக்கரி மின்நிலையம் தானாக எழ முடியாது. கொதிகலனுக்கு நீர் இறைக்கவும் காற்று ஊதவும் நிலக்கரி அரைக்கவும் அதற்கே கரண்ட் வேண்டும். அதை மலைநாட்டு நீர்மின் நிலையங்கள்தான் முதலில் எழுந்து கடனாகக் கொடுக்கின்றன. லக்ஷபானையும் விக்டோரியாவும் கொத்மலையும் நுரைச்சோலைக்கு ஊதா வயர். ராத்தாவின் கணனிக்கும் நாட்டின் மிகப் பெரிய மின்நிலையத்துக்கும் உள்ள வேறுபாடு அளவு ஒன்றே. இரண்டையும் எழுப்ப, எங்கோ ஒரு சிறிய கரண்ட் முன்கூட்டியே விழித்திருக்க வேண்டும்.

இனி ஆய்வு முறை. இதற்குத் தேவையான கருவி ஒரு சீஆர் கொப்பி. கணனி எழாத ஒவ்வொரு தரமும் நாள், நேரம், மழையா வெயிலா, அதற்கு முன் கரண்ட் போயிருந்ததா, எத்தனை செக்கன் ஓடி நின்றது என்று எழுத வேண்டும். ராத்தா முதலில் சிரித்தார். பிறகு கடனட்டைக் கணக்கைவிட ஒழுங்காக எழுதினார். அந்தப் பக்கங்களைத் திருத்துபவரிடம் காட்டியபோது அவர் பெட்டியைத் திறக்கவேயில்லை, கொப்பியைத்தான் வாசித்தார்.

கொப்பி எப்படிப் பேசும்? விடியலில் எழாமல் மதியம் எழும்பினால் உப்பீரமா கெப்பாசிட்டரா என்ற ஐயம் வரும். மழை பெய்த மதியத்திலும் எழவில்லையென்றால் ஈரம். காய்ந்த மதியத்திலும் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு எழவில்லையென்றால் கெப்பாசிட்டர். எழும்பி, எப்போதும் ஏறத்தாழ நான்கு செக்கனில் அணைந்தால் பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டனை நான்கு செக்கன் பிடித்தால் கணனி அணைய வேண்டும் என்பது அதன் சட்டம், ஒட்டிய பட்டன் சட்டப்படி நடக்கிறது, அவ்வளவுதான். விசிறி ஒருதரம் துடித்து நின்றால் எங்கோ ஷோர்ட். பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்கிறது. தோட்டத்து மோட்டரோ இறால் பண்ணை மோட்டரோ தொடங்கும் நேரம் லைட் மங்கி, அப்போது மட்டும் எழவில்லையென்றால் குற்றவாளி வோல்ட்டேஜ். நம் நாட்டில் முறைப்படி 230, அதற்கு 6 வீதம் மேலோ கீழோ போகலாம், லைனின் கடைசி வீட்டுக்கு அந்த முறை எப்போதும் போய்ச் சேர்வதில்லை. கணனியின் திகதி ஒவ்வொரு காலையும் ஏதோ ஒரு பழைய ஜனவரி முதலாந் திகதிக்குத் திரும்பினால் மதர்போட்டில் உள்ள 3 வோல்ட் நாணய பெட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் எழாமைக்கு அது காரணமல்ல, ஆனால் மலிவு என்பதால் முதலில் மாற்றப்படுவது அதுதான்.

ராத்தாவின் கொப்பியில் நேரங்கள் ஒழுங்காக விடியலில் விழுந்தன, மின்வெட்டுக்கு அடுத்த மணித்தியாலங்களில் இன்னும் ஒழுங்காக விழுந்தன. தீர்ப்பு: பவர் சப்ளையின் கெப்பாசிட்டர், உப்பு உடந்தை. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும், சுட்டெரிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கு, மின்வெட்டும் இல்லாமல், எழவேயில்லை என்றிருந்தது. எந்தக் கோட்பாட்டுக்கும் அடங்காத இந்தப் பதிவு ஆய்வை நெடுநேரம் திணறடித்தது. பிறகு கடைப் பையன் சொன்னான்: அன்று போன் சார்ஜ் பண்ண மல்டி பிளக்கில் இடமில்லாமல், கணனியின் உருண்டைப் பின் பிளக்கைக் கழற்றி, சதுரத் துளைச் சொக்கற்றில் பேனா முனையால் மூடியைத் திறந்து அரைகுறையாய்ச் செருகியிருக்கிறான்.

எனவே வாசகருக்கு மூன்று சொல். சந்தேகத்தைச் சுவரிலிருந்து தொடங்குங்கள். சொக்கற்றுக்குள் பேனாவை விடாதீர்கள், அந்தத் துளை மூடி கரண்ட் உங்களைத் தொடாமல் இருக்க வைத்தது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும்.